ரூரில் கிராவல் ஓட்டம்: எந்த வழி, என்ன தரை, காலுக்குக் கீழே என்ன

ஜெர்மனியின் போகும் (Bochum) நகரத்துக்குப் படிக்க வந்து மூன்று மாதம் ஆகிறது, 35 மி.மீ. டயரோடு தார் போடாத பாதைக்கும் ஏற்ற பழைய கிராவல் பைக் ஒன்று வாங்கியிருக்கிறேன், ரூரின் பழைய நிலக்கரிப் பகுதியில் இரண்டு நாள் ஓட்ட நல்ல வழி சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே இரண்டு சந்தேகம். இங்கே எல்லாம் தார் போட்ட சுற்றுலாப் பாதைதானா, நிஜமான கிராவல் உண்டா? கீழே முழுக்கச் சுரங்கம் என்கிறார்களே, மண் உள்வாங்கிவிடாதா? உங்கள் கேள்வியைப் படித்தபோது வரைபடத்தில் ஒரு கோடு போட்டுத் தந்தால் போதாது என்று தோன்றியது. இந்த நிலம் எதை நம்பி ஓட்டத் தகுந்தது, எதை நம்பக் கூடாது என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்பது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். கைவிடப்பட்ட சுரங்கங்களின் நில அளவை வேலையில் பதினோரு வருடமாக இருக்கிறேன். பழைய சுரங்க வரைபடங்களை இன்றைய வரைபடத்தின் மேல் பொருத்தி, எந்த வீட்டுக்குக் கீழே, எந்தத் தோட்டத்துக்குக் கீழே மூடிய கிணற்றுச் சுரங்கம் இருக்கிறது என்று குறிப்பதுதான் பிழைப்பு. சனி ஞாயிறில் சைக்கிள். அதனால் மண்ணைப் பற்றிச் சொல்வது படிப்பும் தொழிலும் சேர்ந்து சொல்வது. வழிகளைப் பற்றிச் சொல்வது ஒரு ஓட்டுநரின் அனுபவம். அதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள். ரைனுக்கு மேற்கே உள்ள பகுதியில் நான் அதிகம் ஓட்டியதில்லை என்பதால் அதைத் தொடவில்லை.

முதலில் நிலத்தின் கதை. இது புரிந்தால் பாதி வழி தானாகவே தெரியும். நிலக்கரி அடுக்குகள் தெற்கே ரூர் ஆற்றங்கரையில் தரைமட்டத்திலேயே எட்டிப் பார்க்கின்றன. அங்கிருந்து வடக்கே போகப் போகச் சரிந்து ஆழத்துக்குப் போகின்றன. ஆகவே தெற்கே விட்டன் பக்கம் விவசாயிகள் மண்வெட்டியோடு தோண்டிய காலத்துச் சிறு குழிகள். வடக்கே 19, 20ஆம் நூற்றாண்டுகளின் பெரிய சுரங்கங்கள். கடைசியாக மூடிய போட்ராப்பின் ப்ராஸ்பர்-ஹானியல் ஆயிரம் மீட்டருக்கும் கீழே போனது. அது 2018 டிசம்பர் 21 அன்று நின்றதோடு ஜெர்மனியின் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழிலே முடிந்தது. 1957இல் அந்தத் தொழிலில் ஏறத்தாழ ஆறு லட்சம் பேர் இருந்தார்கள். சைக்கிள்காரருக்கு இதனால் என்ன? தெற்கே காட்டுக்குள் ஏற்ற இறக்கம், வேர், கல், சேறு. நடுவிலும் வடக்கிலும் நிலம் தட்டை. அங்கே சமதளப் பாதை என்றால் பெரும்பாலும் பழைய சுரங்க ரயில் தடம் அல்லது கால்வாய்க் கரை. மேடு என்றால் அநேகமாகச் சுரங்கத்திலிருந்து வந்த கழிவுப் பாறைக் குவியல். அதை இங்கே ஹால்டே என்பார்கள். நீங்கள் ஏறி மூச்சு வாங்கும் குன்று முழுவதும் ஒரு காலத்தில் உங்கள் காலுக்குக் கீழே பல நூறு மீட்டர் ஆழத்தில் இருந்தது.

தரை பற்றி. "கிராவல்" என்றதும் ஜல்லி கொட்டிய சாலையை மனதில் வைத்திருந்தால் ஏமாந்துபோவீர்கள். இங்குள்ள ரயில் தடப் பாதைகளில் பெரும்பாலானவை நுண்கல்லும் கல்தூளும் கலந்து, தண்ணீர் தெளித்து, ரோலர் விட்டு இறுக்கியவை. தாரும் இல்லை, சிமென்ட்டும் இல்லை. வெயில் காலத்தில் கிட்டத்தட்ட மண் டென்னிஸ் மைதானம் போல ஓடும், டயருக்கடியில் மெல்லிய சரசரப்பு மட்டும் கேட்கும். மழை பெய்த மறுநாள் அதே தூள் சாம்பல் நிறப் பசையாகி செயினில் ஏறும். வீட்டுக்கு வந்து கழுவாமல் விட்டால் அது உப்புத்தாள் போல வேலை செய்யும். என் முதல் வருடத்தில் ஒரே குளிர்காலத்தில் ஒரு செயினும், பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டும் போயின. பணம் கொட்டிக் கற்ற பாடம்: மழைக் காலத்துக்கு ஈரத்திலும் நிற்கும் செயின் எண்ணெய், வந்த உடனே தண்ணீரும் பிரஷ்ஷும். சில தடங்களுக்கு, குறிப்பாக முல்ஹைம் எசன் இடையே உள்ள ஆர்எஸ்1 விரைவு சைக்கிள் பாதைக்கு, தார் போட்டாயிற்று. அலுவலகம் போக அருமை. நீங்கள் கேட்டதற்கு அது இல்லை.

இரண்டு நாளுக்கு நான் சொல்லும் வழி போகுமில் தொடங்கி ஹாம் நகரத்துக்குக் கிழக்கே உவென்ட்ராப்பில் முடிவது. நேராகப் போனால் எண்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஹால்டே ஏறி இறங்கி, வழி தவறி, ஹாம் ரயில் நிலையத்துக்குத் திரும்பினால் நூற்றுப் பத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரே நாளில் முடிப்பவர்கள் உண்டு. புதியவருக்கு இரண்டு நாள்தான் சரி. இரவுக்கு டாட்டெல்ன் அல்லது வால்ட்ராப் பக்கம் தங்கலாம்.

போகுமின் யார்ஹுண்டர்ட்ஹாலேவிலிருந்து கிளம்புங்கள். 1902இல் டுசெல்டார்ஃப் கண்காட்சிக்காகக் கட்டி, பிறகு கழற்றி இங்கே கொண்டுவந்து எரிவாயு இயந்திரக் கூடமாக நிறுத்திய மண்டபம் அது. இப்போது கச்சேரிகள் நடக்கின்றன. அதன் பக்கத்திலேயே எர்ட்ஸ்பான் தடம் தொடங்குகிறது. "எர்ட்ஸ்" என்றால் தாது. ரைன்-ஹெர்னே கால்வாயில் படகில் வந்த இரும்புத் தாதுவை, கிரிம்பெர்க் துறைமுகத்திலிருந்து போகுமின் ஊதுலைகளுக்கு ஏற்றிவந்த ரயில் பாதை. ஏறத்தாழ பத்து கிலோமீட்டர். தாது கீழிருந்து மேலே வந்தது, நீங்கள் மேலிருந்து கீழே போகிறீர்கள். அதனால்தான் இந்தத் திசையில் சொன்னேன். மிதிக்காமலே ஓடுகிற அளவுக்குச் சரிவு இல்லை, ஆனால் எதிர்காற்று இல்லாத நாளில் "இன்று காலுக்கு நல்ல பலம்" என்று தோன்றும். அது சரிவின் வேலை. எதிர்த்திசையில் வந்து பார்த்தால் தெரியும். பாதை உயர்ந்த கரையின் மேல் போவதால் கீழே வீட்டுத் தோட்டங்கள், துணி காயும் கொடி, முயல் கூண்டு எல்லாம் மேலிருந்து தெரியும். ஒன்றன்பின் ஒன்றாகப் பழைய இரும்புப் பாலங்கள். பாலத்தின் மேல் சில இடங்களில் மரப்பலகை, நனைந்தால் சோப்பு. பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள்.

வழியில் பூடே என்ற சிறு கடைகள் வரும். ட்ரிங்க்ஹாலே என்றும் சொல்வார்கள். சுரங்கத் தொழிலாளிக்குத் தண்ணீரும் சோடாவும் விற்கத் தொடங்கி, பிறகு பீர், பத்திரிகை, மிட்டாய், உருளைக்கிழங்கு வறுவல் என்று வளர்ந்த பெட்டிக்கடை. நம்மூர் டீக்கடை மாதிரிதான், பெஞ்சில் உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுப்பார். வயதான ஒருவர் "குளுக்காஃப்" என்றால் முழிக்க வேண்டாம். சுரங்கத்தில் இறங்குபவர்கள் ஒருவருக்கொருவர் சொன்ன வணக்கம் அது. அதையே திருப்பிச் சொன்னால் போதும். சைவம் என்றால் வறுவல்தான் கதி, கையில் வேறு ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள்.

எர்ட்ஸ்பான் முடியும் இடத்தில் அரிவாள் போல வளைந்த தொங்குபாலம் கால்வாயைக் கடக்கிறது. பெயரே கிரிம்பெர்கர் சிஷெல், கிரிம்பெர்க் அரிவாள். இங்கிருந்து கிழக்கே திரும்பினால் உங்கள் ஒரு பக்கம் கால்வாய், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்தில் எம்ஷர் ஆறு. இந்த இரண்டும் சேர்ந்து ஓடும் இடத்தில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கால்வாய் நீர்மட்டத்தையும் அதற்கு அப்பால் உள்ள தரையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சில இடங்களில் தண்ணீர் உயரத்திலும் தரை தாழ்விலும் இருக்கும். கால்வாயை அப்படிக் கட்டவில்லை. கீழே கரி எடுத்ததும் நிலம் அமிழ்ந்தது, கரையை மட்டும் உயர்த்திக்கொண்டே போனார்கள். ரூரின் சில இடங்களில் நிலம் இருபது மீட்டருக்கும் மேல் இறங்கியிருக்கிறது. பம்புகளை நிறுத்தினால் எம்ஷர் படுகையின் பெரும் பகுதியில் தண்ணீர் நிற்கும். அதனால் பம்புகள் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், முடிவே இல்லாமல். இந்தச் செலவுக்கு ஜெர்மன் மொழியில் "நித்தியச் செலவு" என்றே பெயர். 2007இல் அமைத்த ஆர்ஏஜி அறக்கட்டளை அதை ஏற்றிருக்கிறது, ஆண்டுக்கு இருபது கோடி யூரோவுக்கு மேல் ஆகிறது.

எம்ஷரின் கதையும் இதே அமிழ்வால் வந்ததுதான். நிலம் இறங்கிக்கொண்டே இருக்கும்போது பூமிக்கடியில் சாக்கடைக் குழாய் பதித்தால் உடைந்துபோகும். அதனால் ஆற்றையே கான்கிரீட் வாய்க்காலாக்கி, ஊர்க் கழிவு முழுவதையும் திறந்தபடியே அதில் விட்டார்கள். சுரங்கங்கள் வடக்கே நகர்ந்து நிலம் அடங்கிய பிறகு, 1990களில் மீட்பு வேலை தொடங்கியது. டார்ட்முண்டிலிருந்து டின்ஸ்லாகன் வரை 51 கிலோமீட்டர் நீளத்துக்குப் பூமிக்கடியில் கழிவுநீர்க் குழாய் போட்டு, 2021 முடிவில் ஆற்றைக் கழிவிலிருந்து விடுவித்தார்கள். பழைய ஆட்கள் கரையோரத்தில் சைக்கிள் ஓட்டியபோது மூக்கைப் பொத்திய கதை சொல்வார்கள். நீங்கள் போகும்போது வாத்து இருக்கும்.

இனி ஹோஹெவார்ட். ஹெர்டன், ரெக்லிங்ஹவுசன் ஊர்களுக்கு நடுவே, எவால்ட் உள்ளிட்ட சுரங்கங்களின் கழிவைக் கொட்டி உருவான மேடு. கடல்மட்டத்திலிருந்து 152 மீட்டர், சுற்றுநிலத்திலிருந்து ஏறத்தாழ நூறு. பக்கத்து ஹோப்பன்புருஹ் மேட்டோடு சேர்த்தால் ஐரோப்பாவின் மிகப் பெரிய ஹால்டேப் பரப்புகளில் ஒன்று. எல்லாரும் உச்சிக்குப் போய் அந்த இரண்டு பெரிய எஃகு வளைவுகளோடு செல்ஃபி எடுத்துத் திரும்புவார்கள். அது 2008இல் திறந்த வானியல் மேடை. திறந்த கொஞ்ச நாளிலேயே வளைவில் விரிசல் கண்டு உள்ளே விடாமல் மூடினார்கள். என்னைக் கேட்டால் ஹோஹெவார்டின் சுகம் உச்சியில் இல்லை, இடுப்பில் இருக்கிறது. மேட்டைச் சுற்றி அடுக்கடுக்காகப் பாதைகள் போகின்றன. கீழ் வளையத்தில் ஒரு சுற்று, நடு உயரத்தில் ஒரு சுற்று, பிறகு உச்சி என்று போனால், ஒரே காட்சி மூன்று உயரத்தில் திரும்பத் திரும்ப வரும். மேற்கே ஷால்கேயின் கால்பந்து அரங்கம், நாலா பக்கமும் புகைபோக்கிகள், நடு நடுவே இதே போன்ற வேறு மேடுகள். எல்லாம் கழிவுமேடு என்று தெரிந்தபின் பார்த்தால் அந்த வட்டாரமே வேறாகத் தெரியும். இறங்க ரெக்லிங்ஹவுசன் பக்கம் உள்ள சிவப்பு டிராகன் பாலத்தைப் பிடியுங்கள், குழந்தைத்தனமாக இருந்தாலும் நன்றாக இருக்கிறது.

ஹால்டேக்களின் உருவத்தைப் பார்த்தே வயது சொல்லலாம் என்பது என் தொழிலின் சின்ன வித்தை. கூர்மையான கூம்பு என்றால் பழையது, மேலிருந்து அப்படியே கொட்டியது. மேசை போலப் படிகளோடு தட்டையாக இருந்தால் அதற்கு அடுத்த தலைமுறை. 1966இல் வேல்ஸின் ஆபர்ஃபான் ஊரில் கழிவுமேடு சரிந்து பள்ளிக்கூடத்தை மூடியது. அந்தத் துயரத்துக்குப் பிறகு இங்கேயும் குவிக்கும் விதிகள் கடுமையாயின. ஹோஹெவார்ட் போல நிஜ மலை மாதிரி வளைத்து நெளித்து அமைத்தவை கடைசித் தலைமுறை. கிராவல் பைக்குக்கு இந்தக் கடைசி வகைதான் ஏற்றது. கூம்பில் ஏறச் சக்கரமல்ல, முழங்கால் வேண்டும்.

ஒரு எச்சரிக்கை, சொந்தச் செலவில். சில வருடத்துக்கு முன் ஒரு நவம்பர் மாலை, இருட்டுவதற்குள் இறங்கிவிடலாம் என்று ஒரு ஹால்டேயின் பராமரித்த பாதையை விட்டு, வெறும் கறுப்பு மண் தடத்தில் குறுக்கே இறங்கினேன். அந்தக் கழிவு பெரும்பாலும் களிப்பாறை. காய்ந்திருந்தால் ஓட்டுச் சில்லு மாதிரி நொறுங்கும், நனைந்தால் களிமண்ணாகவே திரும்பிவிடும். நூறு மீட்டர் போவதற்குள் பின்சக்கரத்துக்கும் ஃபிரேமுக்கும் நடுவே அது அப்பிக்கொண்டு சக்கரம் சுற்ற மறுத்தது. நான் மடையன், இன்னும் அழுத்தி மிதித்தேன். கியர் மாற்றியை ஃபிரேமோடு பிணைக்கும் சின்ன உலோகத் துண்டான ஹேங்கர் படக்கென்று முறிந்து, கியர் மாற்றி ஆரக்கம்பிக்குள் போய்ச் சிக்கியது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆறு கிலோமீட்டர் நடந்தேன். வீட்டுக்கு வருவதற்குள் அந்த மண் காய்ந்து சிமென்ட் ஆகியிருந்தது, ஸ்குரூ டிரைவர் வைத்துப் பெயர்த்தேன். அன்றிலிருந்து இரண்டு பழக்கம். என் பைக்குக்குப் பொருந்தும் ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கும். மழைக்குப் பின் இரண்டு நாள் கழியாமல் கறுப்பு மண்ணில் இறங்குவதில்லை.

ஹோஹெவார்டிலிருந்து இறங்கி மறுபடி கால்வாயைப் பிடித்துக் கிழக்கே போனால் ஹென்ரிஷென்பர்க். 1899இல் திறந்த படகுத் தூக்கி அங்கே அருங்காட்சியகமாக நிற்கிறது. படகை ஒரு தொட்டியில் வைத்து, தொட்டியோடு தூக்கி மேல் கால்வாயில் விட்டார்கள். உட்கார்ந்து சாப்பிட நல்ல இடம். இங்கிருந்து டாட்டெல்ன் பக்கம் திரும்பினால் முதல் நாள் முடிந்தது.

இரண்டாம் நாள் டாட்டெல்ன்-ஹாம் கால்வாய். நீளம் 47 கிலோமீட்டர். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், சிலருக்கு இது சலிக்கும். நேர்கோடு, மேடு பள்ளம் இல்லை, பாப்லர் மரம், தண்ணீர், சரக்குப் படகு. எனக்குப் பிடித்ததற்கு ஒரு காரணம், கையை ஹேண்டில்பாரின் கீழ் வளைவில் வைத்து மணிக்கணக்கில் எதையும் யோசிக்காமல் ஓட்ட முடிவது. மேற்குக் காற்று முதுகில் தள்ளும் நாளைத் தேர்ந்தெடுங்கள், இந்த வட்டாரத்தில் அது அதிகம் வீசும் காற்று. எதிர்க்காற்று என்றால் மொத்த வழியையும் தலைகீழாக, ஹாமிலிருந்து தொடங்குங்கள். கரைப்பாதை சட்டப்படி நீர்வழி நிர்வாகத்தின் பணிப்பாதை, சைக்கிளை அனுமதிக்கிறார்கள், அவ்வளவுதான். பாலம் உயர்த்தவும் கரை பலப்படுத்தவும் அடிக்கடி மூடுவார்கள், சுற்றிப் போக வேண்டிவரும். நான் சொன்ன வழியில் மிகவும் நிச்சயமில்லாத பகுதி இதுதான். முதல் நாள் மாலை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சலிப்பைப் போக்க நடுவில் பெர்க்காமென் இருக்கிறது. கால்வாயை ஒட்டியே க்ரோசஸ் ஹோல்ட்ஸ் என்ற ஹால்டே, உச்சியில் முப்பது மீட்டர் ஒளித்தூண். ஏறி இறங்க ஒரு மணி நேரம். ஹாம் நகரத்தின் வடமேற்கே ராட்போட் சுரங்கத்தின் இரும்புக் கோபுரங்கள் இன்னும் நிற்கின்றன. 1908 நவம்பர் 12 அன்று அங்கே நடந்த வெடிப்பில் ஏறத்தாழ 350 பேர் இறந்தார்கள். கொஞ்சம் விலகிப் போக வேண்டும், ஆனால் இந்தப் பாதையெல்லாம் யார் செலவில் வந்தது என்று ஒரு தடவையாவது பார்க்க வேண்டிய இடம்.

கடைசியில் உவென்ட்ராப். ஈழத் தமிழர்கள் எழுப்பிய காமாட்சி அம்பாள் கோயில் அங்கே தொழிற்பேட்டை நடுவே நிற்கிறது, 2002இல் குடமுழுக்கு. கிடங்குகளுக்கும் லாரி நிறுத்தங்களுக்கும் மேலே 17 மீட்டர் ராஜகோபுரம் தெரியும்போது, இரண்டு நாளாகக் கம்பிக் கோபுரங்களையே பார்த்துவந்த கண் ஒரு நொடி தடுமாறும். ஆண்டுத் திருவிழாவில் தீர்த்தமாடுவது நீங்கள் இவ்வளவு தூரம் கரையோரமாக வந்த அதே கால்வாயில்தான். கரி ஏற்றிப்போக வெட்டிய வாய்க்கால், அம்மனுக்குத் தீர்த்தமாகிவிட்டது. ஒட்டிய சைக்கிள் கால்சட்டையோடு உள்ளே போகாதீர்கள். நான் ஹேண்டில்பார் பையில் ஒரு வேட்டி சுருட்டி வைத்திருப்பேன், எடையே தெரியாது. நடை திறக்கும் நேரம் பார்த்துப் போங்கள், சாத்திய கதவைக் கும்பிட்டுத் திரும்பியதும் உண்டு.

சரி, மண் உள்வாங்குமா? இதில் நிச்சயமானதையும் சந்தேகத்துக்குரியதையும் பிரித்தே சொல்ல வேண்டும். ஆழத்தில், அதாவது பல நூறு மீட்டருக்குக் கீழே கரி எடுத்த இடங்களில் நிலம் மெதுவாக, பெரிய பரப்பில், வட்டில் போலத் தாழ்ந்தது. கரி எடுப்பது நின்று சில ஆண்டுகளில் அந்தத் தாழ்வும் பெரும்பாலும் அடங்கிவிடும். அங்கே திடீரென்று குழி விழாது. நான் சொன்ன இரண்டு நாள் வழி கிட்டத்தட்ட முழுவதும் அந்த வகை நிலத்தில்தான் போகிறது. ஆபத்து வேறு இரண்டில் இருக்கிறது. ஒன்று, தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள் தோண்டிய பழைய வேலைகள். இரண்டு, சரியாக நிரப்பாமல் மூடிய கிணற்றுச் சுரங்கங்கள். இவை பல ஆண்டு கழித்தும் திடீரென்று வாய் திறக்கும். 2000 ஜனவரியில் போகுமின் வாட்டன்ஷைடு பகுதியில் அப்படி ஒரு குழி விழுந்து வீட்டு கேரேஜ்களை விழுங்கியது. தெற்குப் பகுதியில் இந்த வகை வேலைகள் அதிகம். பல மிகப் பழையவை, வரைபடமே இல்லாதவை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய பஞ்ச காலத்தில் குளிருக்கு எரிக்கக் கரி வேண்டி மக்கள் தாங்களே தோண்டிய குழிகள் எந்தப் பதிவிலும் இல்லை. ஆகவே அங்கே எந்த நிபுணராவது "இந்த இடத்தில் ஒன்றுமே நடக்காது" என்று அடித்துச் சொன்னால் நம்பாதீர்கள். அதே சமயம் போட்ட பாதையில் சைக்கிளில் போகிறவருக்கு இதனால் வரும் ஆபத்து, போகும் நகரச் சந்திப்பில் ஒரு கார் திரும்புவதைவிட மிக மிகக் குறைவு. இதை நான் தயங்காமல் சொல்வேன்.

வேலிகளை மட்டும் மதியுங்கள். ஹால்டேக்கள் பலவற்றைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள், சில இன்னும் சுரங்கக் கண்காணிப்பில் இருக்கின்றன. கழிவோடு போன கரி உள்ளே புகைந்துகொண்டிருக்கும் மேடுகளும் உண்டு, மேலே புல் முளைத்திருந்தாலும் கீழே சூடு. யாரோ பதிவேற்றிய தடம் வேலிக்குள் போகிறது என்பதற்காக நீங்களும் போக வேண்டாம். இன்னொன்று, வயலோரத்திலோ பூங்காவிலோ இடுப்பளவு இரும்புக் குழாய் ஒன்று தொப்பி போட்டது போல நிற்கும், பக்கத்தில் நெருப்பு கூடாது என்ற பலகை. அது மூடிய கிணற்றுச் சுரங்கத்தின் மூச்சுக்குழல், அதன் வழியாக மீத்தேன் வெளியே வரும். பார்க்கலாம், படம் எடுக்கலாம். அதில் சாய்ந்துகொண்டு சிகரெட் பற்றவைக்காதீர்கள்.

இந்த இரண்டு நாள் போதவில்லை என்றால் அடுத்த தடவைக்கு இரண்டு யோசனை. மேற்கே போக எர்ட்ஸ்பானிலிருந்து பிரியும் க்ராய்-வானர் தடத்தில் சோல்ஃபெரைன் சுரங்கத்துக்குப் போங்கள். 1986இல் மூடியது, 2001இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஞாயிறு மதியம் கூட்டம் நெரியும், காலை எட்டுக்கே போய்விடுங்கள். அங்கிருந்து ஷூரன்பாஹ் ஹால்டே பக்கம்தான். உச்சியில் புல் பூண்டு இல்லாத கறுப்பு வெளி, நடுவில் ரிச்சர்ட் செர்ரா 1998இல் நிறுத்திய ஒற்றை எஃகுப் பலகை, 67 டன். அதற்கப்பால் போட்ராப்பின் நான்முகக் கோபுரம். படிகள் காற்றில் ஆடும், உயரம் ஆகாதவர்கள் கீழேயே நில்லுங்கள். தெற்கே என்றால் விட்டனின் முட்டென்டால் பள்ளத்தாக்கு. உண்மையான கரடுமுரடு அங்கேதான். காட்டுக்குள் பாதையின் இரு பக்கமும் புனல் போலக் குழிகள் தெரியும், அவையெல்லாம் பழைய தோண்டல்கள். காட்டில் போட்ட பாதையிலேயே ஓட்ட வேண்டும் என்பது இந்த மாநிலச் சட்டம், அங்கே அது உங்கள் நன்மைக்கும் ஆனது.

வழிகாட்ட ஊர் முழுக்கச் சிவப்பு எழுத்துப் பலகைகளும் எண் போட்ட சந்திப்புகளும் இருக்கின்றன. எண்களைக் காகிதத்தில் எழுதி ஹேண்டில்பாரில் ஒட்டிக்கொண்டால் போனை எடுக்கவே வேண்டாம். ஹாமிலிருந்து போகுமுக்கு நேர் ரயில் உண்டு. உங்களிடம் டாய்ச்லாண்ட் டிக்கெட் என்ற மாதச் சீட்டு இருந்தாலும் அது உங்களுக்கு மட்டும்தான், சைக்கிளுக்குத் தனி டிக்கெட் எடுங்கள். வேலை விடும் நேரத்தைத் தவிருங்கள். வண்டி நிறைந்திருந்தால் சக்கர நாற்காலிக்கும் குழந்தை வண்டிக்கும்தான் முதலிடம், நீங்கள் நடைமேடையில் நிற்க வேண்டியதுதான்.

கடைசியாக டயரைப் பற்றி. இந்த வழிக்கு 35 போதும், மாற்றச் செலவழிக்க வேண்டாம். நான் 40 போட்டு, 72 கிலோ எடைக்கு முன்னால் 2.3, பின்னால் 2.5 பார் காற்றழுத்தம் வைக்கிறேன், ட்யூப்லெஸ். நீங்கள் ட்யூபோடு ஓட்டினால் இன்னும் ஒரு பார் கூட வையுங்கள், இல்லாவிட்டால் பாலத்தின் விளிம்புகளில் அடிபட்டு ட்யூப் பஞ்சராகும். கல்லால் வரும் பஞ்சரைவிட பீர் பாட்டில் கண்ணாடியாலும், இலையுதிர் காலத்தில் புதர் வெட்டிப் பாதையில் விட்ட முள்ளாலும் வருவதுதான் அதிகம். இரண்டு உபரி ட்யூப், ஒரு பம்பு, அந்த ஹேங்கர். பழைய பைக் என்பதால் ஹேங்கரின் மாதிரியைக் கண்டுபிடிப்பது லேசில்லை. கழற்றி ஒரு படம் எடுத்து இங்கேயே போடுங்கள், எந்த மாதிரி என்று பார்த்துச் சொல்கிறேன்.